நீ சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை

“டீச்சர், சாருக்கு எது ரொம்பப் புடிக்கும்?”

போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கேட்ட கேள்வி இது. சின்ன வயதுக்காரர். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததிலிருந்து டீச்சர் என்றே கூப்பிடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து என் கணவருக்கு ஆக்கிப் போட்டவள் நான். அப்படியிருந்தும், “எல்லாமே சாப்புடுவாருங்க” என்றேன்.

“எல்லாம் சாப்புடுறவரு இப்ப ஏன் ஒண்ணுமே சாப்புட மாட்றாரு?”

டாக்டர் குற்றம் சொல்லவில்லை. விடை தெரியாத இரண்டு பேர் ஒரே கணக்கின் முன்னால் நிற்பது போல நின்றோம்.

சிநேகிதி, உனக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடி மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. மின்துறையில் வேலை பார்த்ததால் நீ கரண்டுக்காரர் என்று சொல்லும் என் கணவருக்குச் சித்திரையில் பக்கவாதம் வந்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது, கவனித்துக் கேட்டால் புரிகிறது. விழுங்குவதில் சிக்கல் இல்லை, எந்தச் சாப்பாடும் கொடுக்கலாம் என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் அவர் வாயைத் திறப்பதில்லை. முதலில் பாதிச் சாப்பாடாக இருந்தது நாலு வாயாகக் குறைந்தது. இப்போது ஒரு வாய், அதுவும் நான் அழுதால்தான். கன்னம் ஒட்டிவிட்டது. வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. திங்கட்கிழமைக்குள் மாற்றம் தெரியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடுவார்களாம். குழாய் என்று காதில் விழுந்ததும் அவர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும் வரை அந்தப் பிடியை விடவேயில்லை.

இன்று சனிக்கிழமை.

சமையல்கட்டு மேடையில் ஒரு நூடுல்ஸ் பார்சல் பிரித்தபடி கிடக்கிறது. நம்முடைய அந்தக் கடையில் வாங்கியதுதான். சோயா சாஸும் வினிகரும் கருகிய வெங்காயத்தாளும் கலந்த அந்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. கரண்டியில் எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு இருந்த கடைசி வழி அதுதான். அதுவும் போயிற்று. யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் செய்து பார்க்காதது எதுவும் பாக்கியில்லை. ரசம் சாதத்தைக் குழைத்துக் கொடுத்தேன். இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தேன். வஞ்சிரத்தை முள் பார்த்துப் பார்த்து எடுத்து ஊட்டினேன். எதிர்வீட்டு அம்மா சுறாப்புட்டு செய்து கொண்டுவந்தார்கள். பிரான்சிலிருந்து மகள் தினமும் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனில் வருகிறாள். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைக்கிறேன். “ப்பா, ஒரே ஒரு வாய்ப்பா. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், வாங்கிக்கப்பா” என்று அங்கிருந்து அவள் கெஞ்சுகிறாள். இந்தப் பக்கம் கரண்டியோடு நான். வாசற்படியில் நின்றபடி எதிர்வீட்டு அம்மா, “இன்னா, வாங்கிக்கினாரா?” தெருவில் போகிற கீரைக்கார அம்மாகூட “அய்யா சாப்ட்டாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குகிறாள். இந்த வீட்டில் வேறு பேச்சு செத்துப்போய்விட்டது.

நானும் சாப்பிடுவதில்லை. அவர் பட்டினி கிடக்கும்போது எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் உட்காருவதுதான் இங்கே வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை. என் அம்மா அப்படிச் செய்தாள், நானும் செய்தேன். “உன் வீட்ல நீ சம்சாரமா, சர்வராடி?” என்று நீ எத்தனை தடவை கேலி செய்திருப்பாய். இப்போது அவர் சாப்பிட்டு எழுகிற வேளையே வருவதில்லை. எனக்கு உட்காருகிற வேளையும் வருவதில்லை. டீயில் இரண்டு பிஸ்கட்டைத் தோய்த்து நின்றபடியே விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் ஞாபகம் வந்தது. நீயும் இப்படித்தான் இருந்தாய். ஒரு மத்தியானச் சாப்பாட்டில் அது மாறியது. எதைச் சாப்பிட்டாய் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த நினைப்பை நம்பித்தான் இன்று காலை கடை திறக்கும் முன்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

சாரம் பகுதியில் உன் தம்பி வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் நீ கிடந்த நாட்களைச் சொல்கிறேன். வயிற்றில் வந்த புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். தாளிக்கிற சத்தம் கேட்டாலே உனக்குக் குமட்டும். எடை இப்படியே இறங்கினால் அடுத்த ஊசியைத் தாங்க முடியாது, நிறுத்திவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். உன் தம்பி பெண்டாட்டி சின்னச் சின்னக் கிண்ணங்களில் வகைவகையாகக் கொண்டுவந்து வரிசையாக வைப்பாள். உன் தம்பி கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நிற்பான். நான் தூக்குச்சட்டியோடு வந்து தலைமாட்டில் உட்காருவேன். நீ கரண்டியைத் தூக்குவாய். எங்கள் வாயும் உன்னோடு சேர்ந்து திறக்கும்.

“இன்னாடி, என் வாயில சினிமாவா ஓடுது?” என்று கேட்டுக் கரண்டியை வைத்துவிடுவாய். நாங்கள் சிரிப்போம். பிறகு, “சரி சரி, இன்னும் ஒரு வாய்” என்போம்.

அந்த மத்தியானம் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். வெளுத்த பச்சைத் துணியைத் தலையில் முக்காடாகப் போட்டிருந்தாய். சாயங்காலம் வரை முத்தியால்பேட்டையில் என் வீட்டில் இருப்பதாகப் பேச்சு. ஆட்டோ எங்கள் தெரு திரும்பும் முன்னால் நீ டிரைவர் முதுகில் தட்டினாய்.

“நிறுத்துப்பா, நிறுத்துப்பா.”

“இன்னாடி, வாந்தி வருதா?” நான் பையிலிருந்து கவரை எடுத்துவிட்டேன்.

“அத உள்ள வை மொதல்ல. உன் வீட்டுக்கு வந்தா நீ கஞ்சிய நீட்டுவே. கொஞ்ச நேரம் எங்கனா மனுசங்களோட ஒக்காரலாம்.”

எதிரே இருந்தது அந்தக் கடை. பழுப்பேறிய ஒரு சிவப்புக் காகித விளக்கு, கை ஆட்டுகிற பொம்மைப் பூனை, நெருக்கியடித்து ஆறு மேசை. பட்டறைக்காரர்களும் பாலிடெக்னிக் பிள்ளைகளுமாக உள்ளே கூட்டம். வாசலிலேயே அடுப்பு. இரும்புச் சட்டியிலிருந்து தீ எழும்பி அடங்கும். கைலி கட்டிய ஒருவர் சட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சைனீஸ்னு போர்டு போட்டிருக்கே, சீனாக்காரரு எங்க?” என்று கேட்டாய்.

“நான்தாம்மா. குருசுக்குப்பத்துச் சீனாக்காரன்” என்றார் அவர், சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். “சிங்கப்பூர்ல சீனாக்காரங்கிட்ட சட்டி புடிச்சேன். அந்தாளு என்னைத் திட்னதுல பாதி இன்னிக்கி வரைக்கும் புரியல. ஆனா கை வந்துடுச்சு. உள்ள போய் ஒக்காருங்க, ஃபேனுக்கு அடியில.”

நீ இரண்டு முட்டை நூடுல்ஸ் சொன்னாய். நான் பதறினேன். எண்ணெய், காரம், வெளிச்சாப்பாடு! “எனக்கு வாணாம்டி, சும்மா சொன்னேன். ஒரு தட்டு வாங்கிக்கினு ரெண்டு பேரு எடத்த அடச்சா அந்தாளு இன்னா நெனப்பாரு? நீ சாப்புடு” என்றாய்.

உனக்குத் தெரியுமே, நான் அதற்கு முன்னால் நூடுல்ஸைத் தொட்டதே இல்லை. பள்ளிக்கூடத்து ஓய்வறையில் நீ பிரெஞ்சு டீச்சர் தோரணையில் முள்கரண்டியோடு டிபன் டப்பாவைத் திறக்கும்போது நான் புளிச்சோற்றைக் கையால் பிசைந்துகொண்டிருப்பேன். என் முன்னால் ஆவி பறக்க அந்தத் தட்டு வந்தது. முட்டைக்கோஸும் கேரட்டும் மெல்லிசு மெல்லிசாக நறுக்கிப் போட்டு, முட்டை ஒட்டிய பழுப்பு நூல்களாக ஒரு குன்று. முள்கரண்டியால் தூக்கினால் எல்லாம் நழுவி விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினால் குன்று முழுதும் கூடவே எழுந்தது. ஒரு நூலின் ஒரு முனை என் வாயில், மறுமுனை தட்டில். கடிப்பதா உறிஞ்சுவதா என்று தெரியாமல் குனிந்தபடியே இருந்தேன்.

“கடிடி! கடிச்சு அறு!”

“ம்ம்… ம்ம்…”

“பாரேன், கொக்கு மீன முழுங்குற மாதிரி கீற. சுத்துடி. தட்டுல குத்தி, அப்டியே சுத்து. கணக்கு டீச்சருக்கு வட்டம் போடத் தெரியல!”

பக்கத்து மேசைப் பிள்ளை ஒருத்தி புரையேறிச் சிரித்தாள். ஒருவழியாகச் சுற்றக் கற்றுக்கொண்டேன். சுற்றியதில் புடவை முழுக்கச் சாஸ் தெறித்தது. கிண்ணத்தில் வினிகரில் மிதந்த பச்சைமிளகாயை பீன்ஸ் என்று நினைத்து முழுசாகக் கடித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடைக்காரரின் மனைவி சர்க்கரை டப்பாவோடு ஓடிவந்தாள். “தொட்டுக்கத்தான்மா அது! அப்டியே வாயில போட்டுக்கினீங்களே!” சர்க்கரையை நாக்கில் போட்டு, மூக்கைத் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து நிமிர்ந்தேன்.

உன் தட்டு காலி.

ஓரத்தில் ஒட்டியிருந்த கோஸ் துண்டை விரலால் வழித்துக்கொண்டிருந்தாய். “அலோர், கை கழுவலாமா?” என்றாய், வகுப்பில் பாடத்தை முடித்துவிட்டு ‘சரி, அப்புறம்?’ என்கிற அர்த்தத்தில் சொல்வாயே, அதே குரலில். ஆட்டோவில் ஏறியதும், “வயிறு ரொம்பிடுச்சுடி. தூக்கம் வருது” என்று என் தோளில் சாய்ந்தாய். என் தெருமுனை வந்த பிறகும் உன்னை எழுப்ப மனமில்லாமல், இன்னொரு சுற்று போகச் சொன்னேன்.

நீ பிழைத்துவிட்டாய் என்று முடிகிற கதையாக இருந்திருக்கக் கூடாதா? அப்படி முடியவில்லை. ஆனால் அடிக்கடி அங்கே போனோம். எடை இறங்குவது நின்றது. ஊசிகளைப் போட முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், கடற்கரையில் சில சாயங்காலங்கள் நமக்குக் கிடைத்தன. அவ்வளவுதான் கிடைத்தன.

இப்போது எனக்கு அந்த முதல் வாய் வேண்டும். எப்படி எடுத்தாய்? எதைப் பார்த்து உனக்கு ஆசை வந்தது? வாசனையா, சூடா, அந்தக் காரமா? அது தெரிந்தால் உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு அதையே செய்துவிடுவேன். கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன். பூனைப் பொம்மை தெரிகிறது. என் தட்டு தெரிகிறது, நழுவிய நூல்கூடத் தெரிகிறது. உன் கேலி ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறது. நீ முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவது மட்டும் வரவேயில்லை. எத்தனை தடவை தேடினாலும் அந்த இடம் வெற்றாக இருக்கிறது. மறந்துபோயிற்று என்று முதலில் நினைத்தேன்.

மறக்கவில்லை. நான் பார்க்கவில்லை.

நான் என் தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் ஒருவர்கூட உன் வாயைப் பார்க்கவில்லை. மறுநாள் உன் தம்பி அதே கடையில் அதே நூடுல்ஸைப் பார்சல் வாங்கி வந்து, கட்டிலருகே வைத்து, எல்லாரும் சுற்றி நின்றபோது நீ அதைத் தொடவில்லை. அதுவும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கடையில் சாப்பிட்டவள் வீட்டில் ஏன் சாப்பிடவில்லை என்று அன்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பரீட்சை அறையில் எத்தனை வருஷம் நடந்திருப்பேன். ஒரு பிள்ளை எழுதாமல் திணறுகிறதே என்று அக்கறையோடு அதன் பக்கத்தில் போய் நிற்பேன். பேனா அப்படியே நின்றுவிடும். தெரிந்த விடையும் மறந்துபோகும். இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தால் போதும், பின்னால் பேனா ஓடுகிற சத்தம் கேட்கும். புதிதாக வந்த டீச்சர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பரீட்சை அறையில் தெரிந்தது சமையலறையில் தெரியவில்லை.

கொஞ்சம் இரு. எழுந்துபோய்விட்டு வருகிறேன்.

*

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

மகள் போனில் வந்தாள். “இன்னிக்கு அப்பாவ பாக்க வாணாம். அப்புறம் பேசலாம்” என்றேன்.

“ஏம்மா? இன்னாம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. எனக்குப் பசிக்குது.”

போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். வாசற்கதவைச் சாத்தினேன். நூடுல்ஸைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சூடாக்கி இரண்டு தட்டில் போட்டேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டேன். வழக்கமாக எதிரில் நிற்பவள், இன்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் எதிரே தெருதான் இருந்தது.

“நீயும்… சாப்புட… போறியா?” என்றார், நம்பாமல். இத்தனை வருஷத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது கல்யாணப் பந்திகளில் மட்டும்தான்.

“ஆமா. பசி உயிர் போவுது.”

கையாலேயே அள்ளி வாயில் போட்டேன். பாவனை செய்வதாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டு வாய் உள்ளே போனதும் பாவனை எல்லாம் போய்விட்டது. அப்படி ஒரு பசி என் வயிற்றில் இருந்தது எனக்கே தெரியாது. வெளியே சிலிண்டர் வண்டி நின்றது. வண்டிக்காரன் யாரிடமோ சண்டை போட்டான். நான் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் தட்டு மெல்ல உராய்ந்தது.

நான் திரும்பவில்லை. கடைக்கண்ணில் ஒரு கை அசைவது தெரிந்தது. இடது கை. சோற்றில் இடது கை பட்டால் எழுந்துவிடுகிற மனிதர் அவர். எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது பீச்சாங்கையால் பலகாரத்தைத் தொட்டதற்கு அவள் மணிக்கட்டில் தட்டியவர். வலது கை போன பிறகு அவருக்கு மிச்சம் இருந்தவை இரண்டே வழிகள்: குழந்தையைப் போல வாயைத் திறப்பது, இல்லையென்றால் எங்கள் எல்லார் கண் முன்னாலும் அந்தக் கையைச் சோற்றில் வைப்பது. இரண்டையும் விடப் பட்டினி அவருக்கு மரியாதையாகத் தெரிந்திருக்கிறது. அவர் வாயை மூடிக்கொண்ட காரணம் இவ்வளவு பக்கத்தில் இருந்தது, நான் ருசியில் தேடிக்கொண்டிருந்தேன்.

தெருவையே பார்த்தேன். வண்டிக்காரன் சண்டை முடிந்து போய்விட்டான். வெறும் தெருவைப் பார்த்தேன்.

“உப்பு… கம்மி.”

நான் அழவில்லை. அழுதால் நிறுத்திவிடுவார். எழுந்துபோய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்துவிட்டு, மறுபடி என் தட்டைப் பார்த்தேன்.

பாதிக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார். மேசையில் கொஞ்சம், மடியில் கொஞ்சம் சிந்தியிருந்தது. எதையும் சொல்லாமல் துடைத்தேன். இப்போது தூங்குகிறார். இது ஒரு வேளைதான். ராத்திரி என்ன ஆகும், தெரியவில்லை. நாளைக்கு மறுபடி சுவரைப் பார்க்கலாம். திங்கட்கிழமை அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு யாராவது வரலாம். எடை இறங்காமல் நின்றும் நீ போனவள்தானே. எனக்கு இந்த ஒரு தட்டை நம்பப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல சாரத்துக்கு ஓடிவர வேண்டும் போலிருக்கிறது. கட்டிலோரம் உட்கார்ந்து, “அந்தாளு சாப்ட்டாருடி” என்று உன் கையைப் பிடித்துக் கத்த வேண்டும் போலிருக்கிறது. அந்த ஜன்னலில் இப்போது வேறு யாருடைய துணியோ காய்கிறது.

நீ சாப்பிடுகிற முகம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடைக்கப்போவதில்லை. நிறைந்த வயிற்றோடு தூங்கியபோது என் தோளில் இருந்த உன் தலையின் கனம் மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.

இது உனக்கு இல்லை, இந்தக் கடிதத்தை வாசிக்க நேர்கிற மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டிலும் சாப்பிட மறுக்கிற ஒருவர் இருக்கலாம். நாளை மத்தியானம் அவர் பக்கத்தில் உங்கள் தட்டையும் வைத்து உட்காருங்கள். அவர் வாயைப் பார்க்காமல், நீங்கள் வயிறாரச் சாப்பிடுங்கள்.